பத்தாவிக்குப் போன பெட்டி

போன திங்கட்கிழமை எங்கள் வரதராஜுலு பத்தாவிக்குக் கப்பல் ஏறினார். இது இரண்டாம் தடவை. முதல் தடவையும் கிளம்பினார்தான்... ஆனால் அன்றைக்குப் போய்ச் சேர்ந்தது அவருடைய பெட்டி மட்டும்!

வாரா வாரம் இந்தப் பத்தியைக் கடைத்தெருவில் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு வரதராஜுலுவைத் தெரிந்திருக்கும். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில், துணிக்கிடங்கில், எனக்கு அடுத்த மேஜை. கப்பலுக்குப் போகும் துணிக்கட்டுகளுக்குச் சீட்டு எழுதுவது வேலை. கிடங்கில் எழுதுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். பதினோரு வருஷமாக அவர் எழுதிய சீட்டெல்லாம் கடல் தாண்டிப் போயிருக்கிறது. எழுதிய ஆள் எளாவூரைத் தாண்டியதில்லை.

ஐப்பசி பிறக்கும் சமயத்தில் ஒரு கப்பலும் அதன் கப்பித்தானும் வந்தார்கள். கிழக்கே கடல் தாண்டி, ஒல்லாந்தர்களின் பெரிய பட்டணமான பத்தாவியில் தமிழும் தெலுங்கும் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றான் கப்பித்தான். அவ்வளவுதான்! மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாளே ராஜினாமா. சும்மா கொடுத்தாரா? கோட்டைத் துரை முன்னால் நின்றுகொண்டு ஒரு பிரசங்கம் வேறு.

"இந்தக் கிடங்குல மனுசன் குந்துவானா? எலிதான் குந்தும்!"

அவர் போன பிறகு அந்தக் கிடங்கில் குந்தப் போகிறவன் நான் ஒருவன்தான். இதை நான் மறக்கவில்லை.

வேலையை விட்டவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? விட்ட மறுநிமிஷமே, விடாதவர்களுக்கு உபதேசம் பண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். "ஒலகத்த பாக்கணும்யா... நாலு எடம் போவணும்யா..." என்று எதிரில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். வேறென்ன செய்வது? ஊரார் போட்ட வழியனுப்பு மாலையோடு நிற்கிற ஆளிடம் வாதாட முடியுமா?

சனிக்கிழமை பாய் விரிப்பதாகக் கப்பித்தான் சொல்லியிருந்தான். வரதராஜுலு பஞ்சாங்கத்தைப் புரட்டினார். சனிக்கிழமை கிழக்கே சூலம்! உலகத்தைப் பார்க்கப் புறப்பட்டவர் ஒரு சனிக்கிழமையைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

இதற்குத்தான் பரஸ்தானம் என்று ஒன்று வைத்திருக்கிறோமே! நல்ல நாளில், போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட வேண்டியது. ஆள் கிளம்பிவிட்டதாக அர்த்தம். பிறகு மூன்று நாளுக்குள் சாவகாசமாகப் போகலாம். சூலம் ஏமாந்துவிடும். அதற்கு அவ்வளவுதான் புத்தி என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

புதன்கிழமை பெட்டி தயார். துரைமார் மாதிரி தைத்துக்கொண்ட வெல்வெட்டுச் சட்டை, இருந்த நல்ல வேட்டி எல்லாம், ஊறுகாய் ஜாடி, அவர் மனைவி மங்கம்மா இடித்துக் கொடுத்த பருப்புப்பொடி. அவர் போய்க் காலூன்றியதும் மங்கம்மாவை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. சரி, கிழக்கே யார் வீட்டில் பெட்டியை வைப்பது? ஏரியைத் தாண்டினால் மணல்திட்டு. அதில் அவருக்குத் தெரிந்தது முனியன் குடிசை ஒன்றுதான். முனியன், கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் படகுக்காரன்.

"என் வூட்லயே வெய்யி சாமி. சனிக்கெயமை ஒன்னோட சேத்து நானே ஏத்தி உடறேன்" என்றான் முனியன்.

"வெல்வெட்டு சட்டைடா! மீன் கவுச்சி ஏறிச்சுன்னா பத்தாவில என் மானம் இன்னாத்துக்கு ஆவும்? கப்பலும் கெயக்கதான நிக்குது? அதுலயே வெச்சிடு."

"காத்து மாறுது சாமி. வாடை எறங்குற மேரி கீது. கப்பல்காரன் நிப்பான்னு எனுக்குத் தோணல."

"கப்பித்தானே சொல்ட்டாரு, சனிக்கெயமைன்னு. அவர விட ஒனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்பது வியாழக்கிழமை விடிந்ததும் தெரிந்தது. வாடைக்காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. கப்பல் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர். கப்பித்தானுக்குச் சூலமும் தெரியாது, பரஸ்தானமும் தெரியாது. காற்று தெரியும். பெட்டியோடு கிளம்பிவிட்டான். அடுத்த கப்பல் தை மாதம்தான் வரும்.

கரையில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த புருஷனிடம் மங்கம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பொட்டிக்காவது போவத் தெரிஞ்சுதே!"

அதற்கப்புறம் ஊர் விடுமா? "இன்னா சாமி, பத்தாவில மழையா?" என்று கேட்காத ஆளில்லை. மாலை போட்டவர்களே சந்தில் ஒதுங்கிச் சிரித்தார்கள். நல்ல வேட்டியெல்லாம் பத்தாவியில். உடுத்தியிருந்த ஒரே வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு இவர் பழவேற்காட்டில். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கார்த்திகையில், அடைமழையில் நனைந்துகொண்டு, பழைய வேலையைக் கேட்டுக் கோட்டைக்கு வந்தார். துரை நல்ல மனிதர். எலிப் பிரசங்கத்தையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. என்னைக் கூப்பிட்டு, கிடங்கில் இரண்டு பேருக்கு வேலை இருக்கிறதா, நீ ஒருவனே சமாளிப்பாயா என்று கேட்டார்.

வேலை இருந்தது. தாராளமாக இருந்தது. ஆனால் இந்த ஒரு மாதத்தில் நான் இரண்டு மேஜையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கிடங்கு ஆட்கள் என்னைப் பெரியவரே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"நானே சமாளிச்சுக்கறேன் துரை" என்றேன்.

வரதராஜுலு கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். மழையிலேயே திரும்பிப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். நன்றாகவே இறங்கியது. பொய் சொல்வானேன்?

போன திங்கட்கிழமை கப்பல் வந்தது. மத்தியானமே பாய் விரிப்பார்கள் என்றார்கள். திங்கட்கிழமையும் கிழக்கே சூலம்தான். போதாததற்கு அஷ்டமி! இந்த மனுஷன் எங்கே வரப்போகிறார் என்று கரையில் பந்தயமே கட்டியிருப்பார்கள். வந்தார். கையில் பஞ்சாங்கம் இல்லை, பெட்டி இல்லை, மூட்டைகூட இல்லை. பின்னாலேயே மங்கம்மா.

முனியனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இன்னிக்கும் சூலமாமே சாமி?"

"இருந்துட்டுப் போவுது. வூட்ல குந்தினா மட்டும் குத்தாம உடுதா? தள்ளுய்யா படக!"

நானும் போயிருந்தேன். வழியனுப்பத்தான் என்று மங்கம்மாவிடம் சொன்னேன். நிஜத்தில், ஆள் போகிறாரா என்று கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளப் போனேன். திரும்பி வந்து இன்னொரு முறை துரையைப் பார்த்துவிட்டால்?

படகு முகத்துவாரத்தை நெருங்கியது. வரதராஜுலு எழுந்து நின்றார். என்னைத் தேடிப் பிடித்துக் கத்தினார்.

"யோவ்! அன்னிக்கு நீ மட்டும் அந்த வேலைய உட்டுக் குடுத்திருந்தா, ஆயுசுக்கும் சீட்டு எய்திக்கினே கெடந்திருப்பேன்யா! நீ நல்லா இருக்கணும்!"

படகில் அவர் பக்கத்தில் நின்ற மங்கம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்... வாழ்த்திவிட்டுப் போய்விட்டான், படுபாவி!