கயிறு இல்லாமல் வந்த கிட்டார்

என் மாமனார் மாட்டுத் தரகர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் வேறு காரணம் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். பீடத்துக்கு இடது பக்கம், ஜன்னலோரமாக, மின்விசிறிக் காற்று நேரே வந்து விழும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அது என் இடம். கடையில் முதலாளி சொல்வதைக் கேட்கிறேன், வீட்டில் மனைவி சொல்வதைக் கேட்கிறேன். நாலு பேர் பார்க்க நான் நிமிர்ந்து உட்காருவது அந்த நாற்காலியில் மட்டும்தான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. சில வருஷங்களுக்கு முன் சபைக்கு ஒரு கீபோர்டு வாங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் அதை வாசித்தாள். அந்தப் பெட்டிக்குள் புல்லாங்குழல் இருந்தது, வயலின் இருந்தது, டிரம்ஸ் இருந்தது. கிட்டாரும் இருந்தது என்பதுதான் கொடுமை. அவள் ஒரு பொத்தானைத் தட்டினால் என்னைவிட நன்றாக வாசிக்கும் ஒரு ஆள் ஸ்பீக்கர் வழியாக வாசித்தான். நான் விரல் தேயத் தேயத் தட்டியது எனக்கே காதில் விழவில்லை. அந்தப் பெண்ணை எனக்கு ஆகவே ஆகாது என்று ஆகிவிட்டது. ஸ்தோத்திரம் சொன்னால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தாசில்தார். கெட்ட சேதியைக்கூட உத்தரவு மாதிரிதான் சொல்வார்.

“தம்பி, உங்க கிட்டாரு யாரு காதுலயும் விழல. எடம்தான் அடைச்சிக்கினு கீது. வர்ற அறுப்புப் பண்டிகையோட கீழ வந்து சபையோட சபையா உக்காந்துக்குங்க.”

கீழே என்றால், ஞாயிறுதோறும் நைனார்பாளையத்திலிருந்து எங்கள் சபைக்கு வரும் என் மாமனாருக்குப் பக்கத்தில். பிரசங்கத்தின்போது அவர் விடும் குறட்டையைக் கேட்டுக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஐயா, பன்னெண்டு கம்பி கிட்டார் கொண்டாறேன். ரெண்டு மடங்கு சத்தம் வரும். அன்னிக்கிக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.”

“சரி. பண்டிகை அன்னிக்கிப் பாப்போம்” என்றார்.

சும்மா சொல்லவில்லை. எங்கள் கடைக்கு மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வெள்ளிமலையிலிருந்து ஒரு பெரியவர் வருவார். முன்னாள் லாரி டிரைவர், இப்போது மாடு வளர்க்கிறார். கல்கத்தாவுக்கு லோடு போன காலத்தில் அங்கே ஒரு பழைய பன்னிரண்டு கம்பி கிட்டாரை வாங்கி வந்ததாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்திலேயே இன்னொரு கம்பி ஜோடியாக ஓடும். ஒருவர் வாசித்தால் இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி கேட்கும். ஆனால் அவர் அதில் சலித்துப்போயிருந்தார்.

“சுருதி சேக்கறதுக்குள்ளயே பாட்ற ஆச போய்டுது சார். ஆறு கம்பி இருந்தா சொல்லுங்க, மாத்திக்கலாம்.”

போன் போட்டேன். சனிக்கிழமை வரச் சொன்னார். மறுநாள் ஞாயிறுதான் பண்டிகை. நான் சத்தமில்லாமல் போய் மாற்றிக்கொண்டு வந்திருப்பேன். என் மனைவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

சனிக்கிழமை விடிந்ததும் நைனார்பாளையத்திலிருந்து மாமனார் வந்து நின்றார். சலவை வேட்டி, தோளில் சந்தைக்குப் போகிற பெரிய துண்டு, கையில் மஞ்சள் பை.

“மாத்துற விஷயத்துக்கு யாராச்சும் தனியா போவாங்களா மாப்ள? ஏமாத்தி அனுப்பிடுவாங்க.”

“மாமா, இது கிட்டாரு.”

“எதுவா இருந்தா இன்னா?”

வண்டியில் அவரைப் பின்னால் உட்கார வைத்து, நடுவில் என் கிட்டாரை நிறுத்தி, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கிட்டாரின் தலை என் பிடரியில் இடித்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல், வழியில் மேய்ந்த மாடுகளுக்கெல்லாம் வயது சொல்லிக்கொண்டே வந்தார்.

வெள்ளிமலைப் பெரியவர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். பிறகு அவர் கிட்டாரை எடுத்து வந்தார். உடம்பு கொஞ்சம் பெரிது, வார்னிஷ் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு தடவை விரலை இழுத்தார். அந்தச் சத்தம் மாட்டுக் கொட்டகை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எனக்கு அங்கேயே ஆசை தலைக்கேறிவிட்டது.

மாமனார் என் தொடையில் கிள்ளினார். ஆசையை வெளியே காட்டக் கூடாதாம். கிட்டாரைத் தன் பக்கம் வாங்கினார். முதுகைத் தடவினார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். கம்பி முறுக்கும் திருகுகளை ஒவ்வொன்றாக ஆட்டி, “ஒரு பல்லு ஆடுது” என்றார். மரத்தின் ரேகைகளில் சுழி தேடினார். பின்பக்கம் ஒன்று அகப்பட்டது. அதை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்ல சுழிதான், குடும்பத்துக்கு ஆவும்” என்றார்.

பெரியவரும் லேசுப்பட்டவர் இல்லை. என் ஆறு கம்பி கிட்டாரை வாங்கி, கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “கொஞ்சம் சோனியா கீதே” என்றார்.

“தீனி வெச்சா தேறிடும்” என்றார் மாமனார்.

அடுத்து துண்டு வந்தது. சந்தையில் விலை பேசும்போது தரகர்கள் இரண்டு பேர் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே பேரம் பேசுவார்கள். இவர்கள் இருவரும் துண்டுக்குள் கையை விட்டார்கள். மாமனார் இல்லை என்று தலையாட்டினார். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி விரல் பிடித்தார்கள். நானும் அந்த வீட்டு நாயும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் இருவரும் சிரித்து, கையை வெளியே எடுத்தார்கள்.

“முடிஞ்சிச்சி மாப்ள. மாத்துக்கு மாத்து. யாரும் மேல ஒண்ணும் தர வேணாம்.”

“அது போன்லயே பேசினதுதான மாமா? துண்டுக்குள்ள இன்னா பேசினீங்க?”

“பேசாம எப்டி மாத்துறது?” என்றார், என்னவோ நான்தான் முட்டாள் என்பது போல.

அத்தோடு விட்டிருந்தால்கூட நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். என் கிட்டாரைப் பெரியவரிடம் கொடுக்கப் போன நேரத்தில் மாமனார் நடுவில் புகுந்து அதைப் பிடுங்கினார். திண்ணையில் உட்கார்ந்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்ற ஆரம்பித்தார்.

“மாமா, இன்னா பண்றீங்க?”

“கயிறு மாப்ள. கயித்தோடயா குடுப்பாங்க?”

எங்கள் பக்கத்தில் மாடு விற்கிறவர் மாட்டைத்தான் கொடுப்பார், கயிற்றைக் கொடுக்க மாட்டார். கயிறு போனால் கொட்டகையின் ராசியும் கூடவே போய்விடும். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுபோக வேண்டும். மாமனார் ஞானஸ்நானம் வாங்கியவர், காணிக்கை தவறாதவர். ஆனாலும் மாடு என்று வந்துவிட்டால் ராசியும் சுழியும் தனி இலாகா. அதில் ஆயர்கூடத் தலையிட முடியாது.

பெரியவராவது தடுப்பார் என்று அவரைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“சரியா சொன்னீங்க. போன வருசம் ஒரு பசுவ மறதியா கயித்தோட அனுப்பிட்டேன். மீதி ரெண்டும் பால் வத்திப்போச்சு” என்று சொல்லிக்கொண்டே அவரும் தன் கிட்டாரின் கம்பிகளைக் கழற்ற உட்கார்ந்தார்.

நான் கெஞ்சினேன். நாளைக்குப் பண்டிகை என்றேன். கம்பி இல்லாத கிட்டார் வெறும் பலகை என்றேன். என் நாற்காலியைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே திருகிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு கம்பியும் சுருளாகி அந்த வீட்டுக் கொட்டகை ஆணியில் தொங்கின. என் ஆறு கம்பியும் சுருளாகி மாமனாரின் சட்டைப் பையில் போயின.

“வாங்கின எடத்துல கயிறு கேட்டா மானம் போய்டும் மாப்ள” என்று காதோடு சொன்னார். பிறகு மஞ்சள் பையிலிருந்து புதுக்கயிறு ஒன்றை எடுத்தார். சிவப்பும் பச்சையும் முறுக்கிய நைலான் கயிறு, நடுவில் ஒரு வெண்கல மணி. அதைக் கிட்டாரின் கழுத்தில் கட்டி, கிழக்கே பார்த்து என் கையில் கொடுத்தார். மலை இறங்கும் வரை என் முதுகுக்குப் பின்னால் மணி ஆடிக்கொண்டே வந்தது. எதிரில் வந்த மினி பஸ் டிரைவர் மாடு என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

கள்ளக்குறிச்சியில் கிட்டார் கம்பி வைத்திருப்பது ஒரே ஒரு கடை. பன்னிரண்டு கம்பி செட்டா என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் சிரித்தார். ஆர்டர் போட்டால் அடுத்த வாரம் வருமாம். ஆறு கம்பி செட்டும் தீர்ந்துவிட்டது. வேண்டுமானால் ஜால்ரா இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்துவிட்டேன். நாளைக்குத் தாசில்தார் முன்னால் மணி கட்டிய பலகையோடு போய் நிற்க வேண்டும். மாமனார் ஒன்றும் நடக்காதது போலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்த ஆறு கம்பியையாவது குடுங்க.”

“அது வூட்டு ராசி. கொட்டாய்ல தொங்கணும். வெளிய போவக் கூடாது.”

அப்போதுதான் என் மனைவி, அவர் இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “அப்பா, அது நம்ம கயிறு. வந்திருக்கறதும் இப்போ நம்ம மாடு. நம்ம கயித்த நம்ம மாட்டுக்குக் கட்டினா ராசி எப்டிப்பா வெளிய போவும்?”

மாமனார் கை நின்றது. சட்டப்படி யோசித்தார். ரசத்தைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சுருளை எடுத்து என் முன் வைத்தார். எந்தச் சண்டையிலும் என் மனைவியை நான் ஜெயித்ததே இல்லை என்பதற்காக முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

ஆக, பன்னிரண்டு கம்பி கிட்டாரில் என் பழைய ஆறு கம்பிகளையே பூட்டினேன். ஜோடிக்கு ஒன்று வீதம். மிச்சத் திருகுகள் காலியாக நின்றன. தோளில் மாட்ட வார் இல்லாததால் மாமனாரின் கயிறுதான் வார்.

மறுநாள் ஆலயம் முழுக்கக் காணிக்கையாக வந்த விளைச்சல். தூண்களில் கரும்பு, பீடத்தடியில் நெல், பூசணி, மரவள்ளிக் கிழங்கு, கால் கட்டிய இரண்டு சேவல்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி ஒரு தடவை ஒலித்தது. ஆராதனை மணி என்று நினைத்துச் சபை எழுந்து நின்றுவிட்டது. பிறகு உட்கார்ந்தது. தாசில்தார் என்னை முறைத்தார்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. இழுத்தேன்.

காதில் விழுந்தது. நிஜமாகவே விழுந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு என் விரல் செய்வது எனக்கே கேட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ தாளத்துக்குத் தலையாட்டினார்கள். மாமனார் குறட்டை விடாமல் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி என்னவோ சொன்னார். சுழி பற்றித்தான் சொல்லியிருப்பார். பெரிய உடம்பு, பழைய மரம், அதனால்தான் இந்தச் சத்தம் என்று நான் பூரித்துப்போனேன்.

ஆராதனை முடிந்ததும் தாசில்தாரே நேரில் வந்தார்.

“பன்னெண்டு கம்பின்னா பன்னெண்டு கம்பிதான். இன்னா சத்தம். நீங்க இங்கயே உக்காருங்க தம்பி.”

காலித் திருகுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, “ஸ்தோத்திரம் ஐயா” என்றேன்.

அவர் போனபின் கீபோர்டு பெண் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அண்ணே, அதுல ஆறு கம்பிதான இருக்குது?”

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். “வெளிய சொல்லிடாதம்மா.”

“இல்லண்ணே. பாதிக் கம்பி இல்லாம வந்துகிறீங்களேன்னு பாவமா இருந்துச்சி. அதான் என் சவுண்ட கம்மி பண்ணிட்டேன்.” கீபோர்டின் மூலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்த ஒரு திருகைத் தொட்டுக் காட்டினாள்.

நான் அந்தத் திருகையே பார்த்தேன். அதற்காக மலை ஏறியிருக்கிறேன். அதற்காகத் துண்டுக்குள் பேரம் நடந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“இதக் கம்மி பண்ண முடியுமா?”

“எப்ப வேணா பண்ணலாம். ஜாஸ்தியா இருக்குதுன்னு நீங்க ஒரு நாளும் சொல்லவே இல்லியேண்ணே. நீங்க எங்கிட்ட பேசறதே கெடையாது” என்றாள்.

வெளியே காணிக்கை ஏலத்துக்குச் சேவல்களை எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவளுடைய வயரின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்தேன்.