இடப்பக்க இருக்கைக்கு ஒரு காயில்ஓவர்

என் வீட்டுக்காரருக்கு எதுவும் வலிக்காது. முதுகுத்தண்டில் திருகாணி போட்டு இரண்டு எலும்புகளைச் சேர்த்துவைத்த மறுநாள், எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கும் “ஓகே லா டாக்டர்” என்றுதான் சொன்னார். முகம் வெளிறிப் போயிருக்கிறது, நெற்றியில் வியர்வை நிற்கிறது, வாய் மட்டும் ஓகே என்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். குழம்பில் உப்பு இல்லையா, ஓகே. பிறந்தநாளை நான் மறந்துவிட்டேனா, ஓகே. கடை வாசலில் எழுதித் தொங்கவிட்ட பலகையைப் போல அந்த ஒரு வார்த்தையோடு வாழ்கிற மனிதர்.

நான் அதற்கு நேர் எதிர். எந்த லோரி எப்போது உள்ளே வரவேண்டும், எந்தப் பெட்டி முதலில் வெளியே போகவேண்டும் என்று துறைமுகத்தில் நாள் முழுக்கப் போனில் கத்துகிற வேலை எனக்கு. வீட்டுக்கு வந்தாலும் கை கால் சும்மா இருக்காது. நாற்பது தாண்டிய பிறகு சொந்தச் சம்பாத்தியத்தில் நான் வாங்கிய ஒரே ஆடம்பரம் ஒரு அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு. இங்கிலாந்தில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி இங்கே வந்தது. ஸ்டார்ட் செய்தால் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கும். பொம்பளைக்கு எதற்கு இந்தக் கார் என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் மட்டும் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அவருக்குக் கார் ஓட்டப் பிடிக்காது. நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் பூசை. நான் ஞானஸ்நானம் வாங்கிய கோயில் அது. பூசை முடிந்ததும் நேராகக் கேரி தீவு. செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி, தண்ணீர் ஓரத்தில் ஒரு கடையில் நண்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வாரத்தில் நான் அமைதியாக இருப்பது அந்த ஒரு பயணத்தில்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அது நின்றுபோனது. கொஞ்ச தூரம் காரில் போகலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தபோது, அவருடைய தம்பி தன் ஏழு சீட் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். உயரமான வண்டி, மெத்தை போல இருக்கை. நியாயம்தான். ஆனால் அந்த ஞாயிறு அவர் தம்பி வண்டியில் முன்னே போக, நான் என் காரில் பின்னால் தனியாகப் போனேன். பக்கத்து இருக்கையில் என் கைப்பை உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

குழியின் அதிர்ச்சியைத் தாங்குகிற ஆப்சார்பர்களில் என் காரில் ஏற்கெனவே எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. எப்படியும் மாற்றவேண்டும். மாற்றுவதை அவர் உட்காரும்படி மாற்றினால் என்ன என்று தோன்றியது. அன்றிலிருந்து தூக்கம் போனது. ஸ்பிரிங்கும் ஆப்சார்பரும் ஒரே உடம்பாக வருவதுதான் காயில்ஓவர். காரின் உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். உச்சியில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் கிளிக் கிளிக் என்று கடினமாகும், இளகும். சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்த்தேன். ஃபாதர் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றிப் பேச, நான் மனத்துக்குள் முன் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மேரு சாலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். அதன் முதலாளி வாய் ஓயாத ஆள், இந்த மாதிரி கார்களிலேயே ஊறிப்போனவர். என் காரைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

“அக்கா, இதுக்கு இந்த செட்டுதான். ரேஸ் ட்ராக்ல ஓட்றவங்க போடுறது. கோர்னர்ல அசையாது.”

“நான் எங்க ட்ராக்ல ஓட்றேன்? பந்திங் ரோட்ல ஓட்றேன்.”

“அப்ப எதுக்கு காயில்ஓவர்? ஒரிஜினல் ஆப்சார்பரே புதுசா போட்டுட்டுப் போங்க லா.”

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் கோபம் வந்தது. ஒரிஜினலே என் வீட்டுக்காரர் முதுகுக்குக் கடினம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை: எனக்கு அந்தக் கார் தாழ்ந்து, சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் நடுவில் விரல் நுழையாமல் நிற்கவேண்டும். வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். பக்கத்தில் அவர் பஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கவேண்டும். இரண்டும் ஒரே காரில் வேண்டும் என்று நான் நின்றேன்.

அந்த ட்ராக் செட் பூட்டிய ஒரு வாடிக்கையாளர் காரில் முதலாளி என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனார். வளைவுக்கு வளைவு வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ஒரு போங்கோல் வந்தது, தாமான்காரர்கள் தாங்களாகவே சிமெண்ட் குழைத்துப் போட்டுக்கொள்கிற வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினார். என் பல் அதிர்ந்தது. வீட்டுக்காரர் முதுகில் இருக்கும் திருகாணிகள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த செட் அங்கேயே தள்ளுபடி.

அதற்குப் பிறகு நான் ஒரு செட்டைச் சொல்லிவைப்பதும், மறுநாள் போன் செய்து வேண்டாம் என்பதுமாக இருந்தேன். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அக்கா, நீங்க ஸ்பிரிங் பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?”

கடைசியில் இளகிய ஸ்பிரிங், நீளமாக ஏறி இறங்கும் ஆப்சார்பர் என்று முடிவு செய்தேன். ஸ்பிரிங்கை நெருக்கி உயரம் வைக்கிற செட் வேண்டாம், கீழ் உடம்பைத் திருகி உயரம் வைக்கிற செட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினேன். நெருக்கி வைத்தால் குழியில் இறங்கி ஏற இடம் இருக்காது, உதை நேராக இருக்கைக்கு வந்துவிடும். பூட்டுகிற அன்று வீட்டுக்காரரையும் கூட்டிப்போனேன், ஏறி இறங்கிப் பார்ப்பதற்காக. முதலாளி உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டினார்.

“அண்ணே, எந்த ஹைட் ஏறுறதுக்கு ஈசியா இருக்கு?”

“ரெண்டும் ஓகே லா.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உயரமான அளவையே வைக்கச் சொன்னேன். சக்கரத்துக்கு மேல் ஒரு கையே நுழையும். என் அழகான கார் தோட்டத்து லோரி மாதிரி நின்றது.

அடுத்த வேலை, மேலே இருக்கும் குமிழ்களை எத்தனை கிளிக்கில் வைப்பது என்பது. அதற்கு, உட்காருகிறவர் வாயைத் திறந்து சொல்லவேண்டும். இவர் சொல்கிற ஆளா? முதல் மாலை தாமானைச் சுற்றி வந்தோம். போங்கோல் மேல் ஏறி இறங்கிவிட்டுக் கேட்டேன்.

“எப்படிங்க?”

“ஓகே லா.”

அப்போதுதான் அதைப் பார்த்தேன். போங்கோல் வருவதற்கு முன்பே அவருடைய வலது கை தொடையிலிருந்து நழுவி, எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கையின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டது. உடம்பை ஒரு நூல் அளவு தூக்கிக்கொள்கிறார். இறங்கியதும் கை திரும்பத் தொடைக்கு வந்துவிடுகிறது. வாய் என்ன சொன்னால் என்ன, எனக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. அவரிடம் மூச்சு விடவில்லை. கடைக்கண்ணால் கையைப் பார்த்தபடியே ஓட்டினேன். கை ஊன்றினால் நிறுத்தி, பானெட்டைத் திறந்து குமிழைத் திருகினேன். பின் சக்கரங்களுக்குக் காரின் பின்மூடியைத் திறந்து அங்கே இருந்த குமிழ்களைத் திருகினேன். மறுபடி ஒரு சுற்று. ரொம்ப இளக்கினால் கார் படகு மாதிரி ஆடியது, அப்போதும் கை ஊன்றியது. தினமும் வேலை விட்டு வந்ததும் இதே கூத்து. வாசலில் நின்று துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆன்டி, கார் கெட்டுப்போச்சா என்று கேட்டார். இல்லை, சரியாகிக்கொண்டிருக்கிறது என்றேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து அவரை என் காரில் ஏற்றிக்கொண்டேன். தம்பியிடம் வரவேண்டாம் என்று முன்பே சொல்லியாகிவிட்டது. கிள்ளானைத் தாண்டி, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பிய்த்துப் போட்ட ரோட்டில் இறங்கினோம். ஒரு குழி. கை தொடையிலேயே இருந்தது. ரோடு குறுக்கே வெட்டி ஒட்டுப் போட்ட இடம். கை அசையவில்லை. பாலம் ஏறும்போது தூக்கிப் போடும் அந்த மேடு. அப்போதும் அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் போய் உட்கார்ந்து, அவர் பங்கு நண்டையும் நானே உடைத்துக் கொடுத்தேன். ஒர்க்‌ஷாப் முதலாளிக்குக் குரல் செய்தி அனுப்பினேன்: “பாஸ், ஜெயிச்சாச்சு!” அந்த வாரம் துறைமுகத்தில் நான் யாரிடமும் கத்தவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அதே கார், அதே ரோடு. குமிழை யாரும் தொடவில்லை. முதல் குழியிலேயே அவர் கை இருக்கையில் ஊன்றியது. இரண்டாவதில் இன்னும் அழுத்தமாக ஊன்றியது, விரல் நுனி வெளுத்தது. பாலத்துக்கு முன்னால், தோட்டத்து ஓரமாகக் காரை ஒதுக்கி நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தேன். கிளிக்கை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. கோயிலுக்குக் கட்டிய சேலையோடு குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் எட்டி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தேன். புதுசு மாதிரி பளபளத்தது. ஒர்க்‌ஷாப்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனை எடுத்தேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார்.

“அதுல ஒன்னும் இல்லம்மா. மூடு.”

“இல்லாம எப்படி? போன வாரம் நல்லாத்தான இருந்துச்சு!”

“போன வாரம் மாத்திர போட்டுக்கிட்டு வந்தேன்.”

“என்ன மாத்திர?”

“வலி மாத்திர. பூசைக்கு முன்னாடியே போட்டுட்டேன். இப்ப டாக்டர் கொறைக்கச் சொல்லிட்டாரு. இன்னிக்குப் போடல.”

நான் நிமிர்ந்தேன். “என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ எவ்ளோ பாடுபட்ட. என் கையவே பாத்துப் பாத்து ஓட்ன. எனக்குத் தெரியாதா? அதான் போன வாரம் கைய தொடையில வச்சுப் புடிச்சுக்கிட்டேன்.”

பிடித்துக்கொண்டாராம். நான் நண்டு உடைத்துக் கொடுத்தபோது அந்தத் தொடையில் நகம் பதிந்திருக்கும். ஒரு மாத்திரையையும் ஒரு பொய்யையும் நம்பி, வாரம் முழுக்க ஸ்பிரிங் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுதால் நிற்காது என்று பயந்து கத்தினேன்.

“நான் இதெல்லாம் யாருக்குச் செஞ்சேன்? உங்க முதுகுக்கா, உங்க ஓகேவுக்கா? வலிச்சா வலிக்குதுன்னு சொன்னா உங்க வாய் கோணிப் போயிருமா? நான் என்ன மூனாவது மனுஷியா?”

ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. தூசு அடங்கும் வரை அவர் காரின் மேல் ஒரு கையை வைத்துச் சாய்ந்து நின்றார்.

“வலிக்குது” என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. போனைக் கீழே இறக்கினேன்.

“ரொம்ப வலிக்குது. ஆஸ்பத்திரியிலயே வலிச்சுச்சு. நடந்தா வலிக்குது, படுத்தா வலிக்குது.”

தோற்றுவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. இந்தக் காரை விற்றுவிடலாம், உயரமாக எதையாவது வாங்கலாம், நாளைக்கே விளம்பரம் போடலாம் என்று மனம் ஓட ஆரம்பித்தது. அதற்குள் அவரை வீடு சேர்க்கவேண்டும்.

“தம்பிய வரச் சொல்றேன். அவர் வண்டியில ஏறிப் போங்க. நான் பின்னாடி வரேன்.”

“வேணாம்.”

“அடம் புடிக்காதீங்க. அதுல மெத்துன்னு இருக்கும்.”

“அதுலயும்தான் வலிக்குது. ஒக்காந்துக்கிட்டு கண்ணாடியில பாத்தா, பின்னாடி நீ ஒத்தையா வர்றது வேற தெரியுது.” அவர் மெல்லத் திரும்பி, இடப்பக்கக் கதவைப் பிடித்தார். “வலிக்கிறது எப்படியும் வலிக்கத்தான் போவுது. உன் வண்டியிலயே வலிக்கட்டும்.”

நான் முன்னும் பின்னும் ஓடி, எல்லாக் குமிழையும் திரும்புகிற வரை இளக்கினேன். கண்ணைத் துடைத்த கையில் கிரீஸ் இருந்ததால் கன்னமெல்லாம் கறுப்பு. காரைத் திருப்பி, சைக்கிள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் வீட்டை நோக்கி ஓட்டினேன். அப்படியும் ஒரு குழியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

“ஆ! கண்ணு எங்க இருக்கு உனக்கு? பாத்து ஓட்டு லா!” என்று கத்தினார்.

அவர் என்னைக் கடிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த குழி எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். கிள்ளான் வரும் வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.