ஜிஸ்லேனின் மஞ்சள் வாத்து

ஒவ்வொரு அக்டோபரிலும் தன் வீட்டு நீச்சல்குளத்தைக் குளிர்காலத்துக்காகத் தார்ப்பாயால் மூடுமுன் ரெஜான் ஒருமுறை அதில் குதித்து, குளிரில் அலறுவார். கனடாவின் ஷாவினிகன் ஊரில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்த அலறலைக் கேட்டபின்தான் பக்கத்து வீட்டு ஜிஸ்லேன் கம்பளிச் சட்டைகளை வெளியே எடுப்பாள்.

ஒரு வருடம் அவர் ஈரத்தோடு வேலியருகே வந்து நின்றார். தார்ப்பாய்க்கு அடியில் மிதக்கவிடும் காற்றுத் தலையணை கிழிந்திருந்தது. அது இல்லாவிட்டால் குளிர்காலப் பனிக்கட்டி விரிந்து குளத்தின் சுவரைப் பிளந்துவிடும்.

"கடையெல்லாம் பூட்டியாச்சு ஜிஸ்லேன். இன்னைக்கே தண்ணி உறைஞ்சிடும்போல."

"எங்கிட்ட இருக்கிறது காத்தடிச்ச பிளாஸ்டிக் வாத்து ஒண்ணுதான்யா. கோடையில நான் ஏறி மிதக்குறது. ஒழுங்காத் திருப்பித் தருவியா?"

"சத்தியமா!"

மே மாதம் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. வாத்துதான் சப்பையாகிக் கிடந்தது.

"புதுசு வாங்கித் தர்றேன்" என்று ரெஜான் ஒவ்வொரு கோடையிலும் சொல்கிறார். அதுவரை கோடைதோறும் அவர் குளத்தில் முதலில் இறங்கும் உரிமை ஜிஸ்லேனுக்குத்தான். வாத்து இன்னும் வரவில்லை.