பேதி மருந்துக்கு ஓர் இடம்

ஐந்து நாள் எனக்கு வயிறு போகாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு காட்டுமாடு. கொடைக்கானல் மேல்மலையில் உள்ள பூண்டியில் அப்போது மலைப்பூண்டு பிடுங்கும் பருவம். ஒரு குடும்பத்தின் தோட்டத்தில் பூண்டு பிடுங்கவும், கட்டவும், லாரியில் மூட்டை ஏற்றவும் சேர்ந்திருந்தேன். படுக்கத் தோட்டத்து மூலையில் ஒரு தகரக் கொட்டகை கொடுத்திருந்தார்கள். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் படுத்த இடங்களில் அது நல்ல இடம். கூரை ஒழுகவில்லை. நடுவில் ஓர் அடுப்பும் இருந்தது.

கழிவறை கிடையாது. விடிவதற்குள் ஓடைப் பக்கம் போய்வர வேண்டும். ஊர்ப் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். ஆண்களுக்கு அவரவர் இடம் உண்டு. பட்டா போட்டது போல ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் போவதில்லை. வெளியூர்க்காரனான எனக்கு மிஞ்சியது வேலியில் ஒரு சந்து. அந்தச் சந்தில் கழிவுக் கேரட்டைக் குவித்திருந்தார்கள். அதைத் தின்ன ஒரு காட்டுமாடு வெள்ளனே வந்து நிற்கும். நான் அதைக் குறை சொல்லவில்லை, எனக்கு முன்பே வந்த மாடு. அது நகரும்போது வெயில் ஏறியிருக்கும், தோட்டத்துக்கு ஆட்கள் வந்திருப்பார்கள்.

முதல் நாள் தள்ளிப்போட்டேன். இரண்டாம் நாளும் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போக வேண்டும் என்ற உணர்வே வரவில்லை. நான்காம் நாள் வயிறு பலகையாக இறுகிவிட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை.

பூண்டுத் தோட்டத்தில் வயிறு சரியில்லை என்றால் பூண்டைத்தான் தருவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு கட்டியவர், "ஏலே, நாலு பல்லச் சுட்டுத் தின்னு, வாயு கலைஞ்சு போகும்" என்றார். சுட்டுத் தின்றேன். பாலில் வேகவைத்தும் குடித்தேன். பிறகு ஓமத் தண்ணீர், அதன் பிறகு இஞ்சிச் சாறு. வாயு கலைந்தது. மற்றது கலையவில்லை. யோசனை சொன்னவர் தன் கட்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் தோட்டத்துக்கார அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரருக்கு இடுப்பு முடியாததால் தோட்டத்தைப் பார்ப்பது அவர்தான்.

"தம்பி, திங்கக்கெழம லாரி வருது. நீங்க நிமிரவே மாட்டேங்கிறீங்க. மூட்ட தூக்க முடியுமா, முடியாதா?"

"முடியும்க்கா."

"முடியலன்னா இப்பவே சொல்லிருங்க. பள்ளங்கியில ஒரு ஆள் இருக்கு, வரச் சொல்றேன். கொட்டகையும் அந்த ஆளுக்குத்தான் குடுக்கணும்."

அவர் மிரட்டவில்லை. இருப்பது ஒரு கொட்டகை, அதில் படுப்பது மூட்டை ஏற்றுகிற ஆள், அவ்வளவுதான். திங்கட்கிழமை தூக்காவிட்டால் எனக்கு வேலையும் இல்லை, படுக்கையும் இல்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கொடைக்கானல் போனேன். அந்த வயிற்றோடு மலை ரோட்டில் இரண்டு மணி நேரம். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பஜாரில் 'ஆயுர்வேத, சித்த, நாட்டு மருந்துகள்' என்று மூன்றையும் ஒரே பலகையில் எழுதிய கடை ஒன்று உண்டு. கடைக்கார பாய் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எனக்கு முன்னால் ஒரு சுற்றுலா அம்மா நின்றிருந்தார். வியூ பாயின்ட்டில் எதையோ சாப்பிட்டதிலிருந்து அவருக்கு நிற்காமல் போகிறதாம். பாய் மாதுளை ஓட்டுப் பொடியை மடித்துக் கொடுத்தார். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

என் கதையைச் சொன்னேன்.

"காய்ச்சல், வாந்தி, ரத்தம் ஏதாச்சும்?"

"இல்ல பாய்."

"காத்துப் பிரியுதா?"

"அது பிரியுது. தோட்டத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"திரிபலா குடுப்பீங்களா?" என்று நானே கேட்டேன்.

"அது தெனமும் சாப்பிடுறவங்களுக்குண்ணே. ஒங்களுக்குப் பேதிக்கு நிலாவாரைதான் கேக்கும்." டப்பாவின் மூடியைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். "எங்க தங்கியிருக்கீங்க? கக்கூஸ் இருக்கா?"

"கொட்டகை. கக்கூஸ் இல்ல. வேலிப் பக்கம்."

மூடியைத் திரும்பப் போட்டார். "அப்ப மருந்து இல்லண்ணே."

"டப்பாவுல இருக்கே?"

"டப்பாவுல இருக்கு. ஒங்களுக்கு இல்ல. இது வேல செய்யிற நேரம் ஒங்களக் கேட்டுட்டு வராது. போன வருசம் ஒருத்தரு குடிச்சிட்டு பஸ் ஏறிட்டாரு. அந்த கண்டக்டர் இன்னும் என்னையத்தான் ஏசுறாரு. எங்க ஒக்காருவீங்கன்னு சொல்லுங்க, மருந்த எடுத்துட்டுப் போங்க."

"பஸ் ஸ்டாண்டுல கட்டணக் கழிப்பிடம் இருக்கே?"

"சீசன்ல அங்க வரிசை நிக்குது. நீங்க வரிசையில நிப்பீங்களா?"

நிற்க முடியாது. யோசித்தேன். அக்கா வீட்டுக்குப் பின்னால் அரசாங்க மானியத்தில் கட்டிய கழிவறை ஒன்று எப்போதும் பூட்டிக் கிடக்கும். கடையிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் நின்ற இரண்டு பேர் காது கொடுத்துக் கேட்டார்கள்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாளு ஒங்க கக்கூஸத் தர முடியுமா?"

"அதுல வெதப்பூடு கெடக்கு தம்பி."

அடுத்த நடவுக்கான விதைப்பூண்டு முழுவதையும் அங்கேதான் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். டைல்ஸ் தரை, இறுக்கமான கதவு, மேலே காற்றுச் சந்து. அந்த வீட்டில் எலி ஏறாத ஒரே அறை அதுதான். அப்படி ஓர் அறையைக் காலைக்கடனுக்கு வீணாக்க வேண்டாம் என்று குடும்பமே ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாய் போனை வாங்கிக்கொண்டார். "அக்கா, மருந்துக் கடைலருந்து பேசுறேன். ஒங்களுக்கு ஆள் வேணுமா, பூடு வேணுமா?"

"ரெண்டும் வேணும்" என்றது போன். "பூட எங்கிட்டு வைக்கச் சொல்றீங்க?"

"என் கொட்டகையில வைக்கலாம்" என்றேன். பாய் அதை அப்படியே ஒப்பித்தார். அக்கா சரி என்றதும் டப்பா திறந்தது. நிலாவாரையோடு கடுக்காயும் சுக்கும் சேர்த்து ஒரே ஒரு பொட்டலம் கட்டினார். வெறும் வயிற்றில் வெந்நீரில் குடிக்க வேண்டும், பிறகு கஞ்சி மட்டும். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போகலன்னாலும், வலி வந்தாலும் நேரா ஆஸ்பத்திரி. இங்க வராதீங்க."

பூண்டிக்குத் திரும்பியதும் விதைப்பூண்டைச் சுமந்தேன். ஒவ்வொரு கொத்தும் எந்தப் பாத்தியில் விளைந்தது என்று அக்காவுக்குத் தெரியும், கலந்துவிடக் கூடாது. குனிந்தபடி கொண்டுபோய், அவர் சொன்ன வரிசையில் கொட்டகைச் சட்டத்தில் கட்டினேன். முடித்தபோது உள்ளே யாருமே நிமிர்ந்து நிற்க முடியாதபடி ஆகியிருந்தது. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மருந்தைக் குடித்துவிட்டு உள்ளே போனேன். பீங்கானில் பூண்டுத் தோல் கிடந்தது. குழாய் இருந்தது, தண்ணீர் இணைப்பு கொடுக்கவில்லை. அக்கா வாளி வாளியாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். இடுப்பு முடியாத வீட்டுக்காரர் வெயில் காய நாற்காலியை அங்கேயே போட்டுக்கொண்டார்.

"தம்பி, ஆச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"வெரசா ஆகணும். எனக்கும் சோலி இருக்கு."

அவருக்கு எந்தச் சோலியும் இல்லை. பத்து மணிக்கு மேல், "ஆச்சுண்ணே" என்றேன். அவர் அதைச் சமையலறைக்குக் கேட்கும்படி கத்தினார். சமையலறை அடுத்த வீட்டுக்குச் சொன்னது. மருந்து என்னைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஐந்து தடவை. ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்டது.

திங்கட்கிழமை லாரி வந்தது. முதல் பத்து மூட்டை சரியாகப் போயின. பதினொன்றாவதைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா உப்புக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று நான் குடிப்பதைப் பார்த்தார். மிச்சத்தையும் ஏற்றினேன். பள்ளங்கி ஆளுக்குப் போன் போகவில்லை.

லாரி போனதும், விதைப்பூண்டைத் திருப்பி எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. அங்க இவரு காலைலருந்து ரெண்டு தடவ போயிட்டாரு. இனிமே ஓடைக்குப் போக மாட்டாராம்."

"அப்ப பூடு?"

"கொட்டகையிலயே கெடக்கட்டும். அடுப்பு எரிஞ்சா எலி வராது, பொகையில நல்லாக் காயும். ஆனா அடுப்பு அணையக் கூடாது. நடவு வரைக்கும் நீங்கதான் பாக்கணும்."

நான் அறுவடைக்கு வந்து அறுவடையோடு கிளம்புகிற ஆள். எந்த ஊரிலும் நடவு வரை இருந்ததில்லை. சரி என்றேன். முதல் வாரம் புகையில் கண் எரிந்தது. பிறகு பழகிவிட்டது.