பச்சை தெரிகிறதா? காஜா பெராங்குக்கு ஒரு மெர்டேக்கா பயணம்

மலேசிய சுதந்திர நாளான மெர்டேக்கா விடுமுறையில் எல்லாரும் மலாக்காவுக்குக் கோட்டை பார்க்கப் போவார்கள். நான் போனது நுண்ணோக்கி பார்க்க. ஆய்வு மாணவியான என் தங்கை மலர்தான் போனில் கூப்பிட்டாள். "அண்ணே, உனக்கு சயின்ஸ் ஒண்ணும் தெரியாதுல்ல? அப்ப நீதான் சரியான ஆளு, வா லா." கிள்ளானில் டயர் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்!

கோலாலம்பூரில் காலை எட்டு மணிக்குப் பஸ், பதினைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். வழக்கமாக இரண்டு மணி நேரம்தான், அன்றைய நெரிசலில் மூன்றரை ஆனது. மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்திலிருந்து மலர் தங்கியிருக்கும் காஜா பெராங் நாலு கிலோமீட்டர், டாக்சிக்குப் பத்து வெள்ளி. "செட்டி கம்போங்கா? கோயில் இருக்கு பாஸ், தமிழ் பேச ஆள் கிடைக்காது," என்றார் ஓட்டுநர். உண்மைதான், தலைமுறைகளுக்கு முன் வந்து மலாய் பேசத் தொடங்கிய தமிழ் வம்சமான மலாக்கா செட்டிகளின் கிராமம் அது. மலர் குடியிருக்கும் வீட்டுக்காரர் கமலா அக்காவின் பெயரும் பொட்டும் நம்முடையவை, பேச்சு மலாய்.

உள்ளே போனால் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. கமலா அக்கா உதட்டில் விரல் வைத்தார். மலர் தண்ணீர் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தீபாவளிக்கு வராத கோபமோ என்று எனக்குச் சுருக்கென்றது. சோற்றுப் பானையை மூடியதும் அக்கா மலாயில் சிரித்துச் சொன்னார்: "தாப்பாய்ச் சோறு புளிக்க வைக்கும்போது பேசக் கூடாது, பந்தாங், பேசினால் கெட்டுப்போகும் என்று விலக்கு. உன் தங்கைக்கும் இன்று அதேதான்."

விஷயம் இதுதான். ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு குட்டிப் பை. அதைப் புளிப்பாக வைத்திருக்க ஒரு மரபணு வேண்டும். புளிப்பு இருந்தால் மலர் உருவாக்கிய சாயம் பச்சையாக ஒளிரும், மரபணு இல்லாவிட்டால் இருட்டு. "நீ ஆசைப்படுவதையே நீ பார்க்கிறாய். எதுவும் தெரியாத ஒருவர் பிரித்துக் காட்டட்டும், இல்லாவிட்டால் சாயத்தைக் கைவிடு," என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு! முகம் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அவள் என்னிடம் பேசவில்லை.

ஆய்வுக்கூடம் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம். செருப்போடு விடமாட்டார்கள், ஷூ போட்டுப் போங்கள். பச்சையா இருட்டா என்று மட்டும் நான் சொல்ல வேண்டும், மலர் முதுகைத் திருப்பி நின்றாள். நான் குனிந்தேன். அடேயப்பா! கறுப்பில் பச்சைப் பச்சையாய்ப் புள்ளிகள், அவ்வளவு அழகு. "பச்சை." அடுத்தது, "இருட்டு." இப்படியே போய்க் கடைசியில் ஒன்று இரண்டிலும் சேரவில்லை. தங்கைதானே, பச்சை என்று சொல்லித் தொலைப்போமா? மனசு கேட்கவில்லை. "மங்கலா இருக்கு," என்றேன். அவள் தோள் குலுங்கியது. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கண்ணாடித் தகடுகளின் அடியில் ஒட்டியிருந்த விடைச் சீட்டுகளை உரித்தாள். எல்லாம் சரி. மங்கலானது, அந்த மரபணு அரைகுறையாக வேலை செய்யும் செல்லாம். அப்படி ஒரு வகை இருப்பதையே அவள் என்னிடம் சொல்லவில்லை.

திரும்பும் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் ஒரு மணி நேரம் நின்றேன். அவ்வளவு நேரமும் மலர் மூச்சுவிடாமல் பேசினாள். பஸ் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"நானே இல்லாததைப் பாக்குறேனோன்னு பயந்துட்டே இருந்தேன் அண்ணே. நீயும் பாத்துட்டே."