கீபோர்டைத் தொடக் கூடாது: ஆக்லாந்தில் ஒரு மலாவி வகுப்பு

சுகாதாரச் செய்திகள் எழுதிவந்த காலம் முழுக்க ஒரு காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்க நாடொன்றில் செவிலியர்கள் கிராமம் கிராமமாக நடந்து தகவல் சேகரிப்பார்கள். அதைக் கணக்கிட்டு முடிவு எழுதுவது எங்கோ தொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகம். இதை மாற்ற ஆக்லாந்தில் ஒரு பயிற்சி நடக்கிறது, வந்து பாருங்கள் என்று ரஞ்சன் அழைத்தார். மன்னார்க்காரர், அங்கே தொற்றுநோயியல் பேராசிரியர். இந்தப் பிப்ரவரியில் போனேன்.

விமான நிலையத்திலிருந்து பாபடோயிட்டோயில் உள்ள அவர் வீட்டுக்குக் காரில் கால் மணி நேரம். கோடைகாலம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு இறங்கியிருந்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை மழை, இரண்டு முறை வெயில்.

மறுநாள் காலை ரயில். நகர மையத்துக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. தனிப் பயண அட்டை தேவையில்லை; ஏறும்போதும் இறங்கும்போதும் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். இறங்கும்போது மறந்தால் கூடுதலாகப் பிடிப்பார்கள். மறந்தேன், பிடித்தார்கள்.

“இண்டைக்குத்தான் சிக்கோண்டிக்குச் சோதனை, அண்ணை” என்றார் ரஞ்சன். சிக்கோண்டி, மலாவியில் குழந்தைகளின் காய்ச்சலை ஆராயும் குழுவின் தலைவி. தன் குழு சேர்த்த தகவலை முதலிலிருந்து கடைசி அட்டவணை வரை அவரே கணக்கிட்டுக் காட்ட வேண்டும். முடிந்தால் இனி அந்தக் கணக்கு மலாவியிலேயே நடக்கும். இல்லாவிட்டால் பழையபடி எல்லாம் ஆக்லாந்துக்கு வரும்.

வகுப்பில் ஒரே விதி: ஆக்லாந்துக்காரர்கள் கீபோர்டைத் தொடக் கூடாது. விதியைப் போட்டவர் சிக்கோண்டி. முதல் நாள் அவர் எங்கே தயங்கினாலும் ரஞ்சன் குனிந்து தானே தட்டி முடித்துவிட்டாராம். ரஞ்சனின் மனைவி ஜெனிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. “வீட்டிலயும் இப்பிடித்தான். நான் உப்பைத் தேட முதல் இவர் போட்டிடுவார்.”

கணக்கின் பாதியில் சிக்கோண்டி நின்றுவிட்டார். மழை மாதங்களில் எல்லா இடத்திலும் காய்ச்சல் ஏறியிருக்க, ஆற்றோரச் சுகாதார நிலையம் ஒன்றில் மட்டும் அநேகமாக நோயாளியே இல்லை.

ரஞ்சன் என் காதருகே வந்தார். “பதிவில பிழை. அந்த நிலையத்தைத் தூக்கிப் போட்டா அலுவல் முடிஞ்சுது.” அவர் வலது கை ஜாக்கெட் பையிலிருந்து கீபோர்டை நோக்கி வெளியே வந்தது. சிக்கோண்டி திரும்பிப் பார்த்தார். கை உள்ளே போனது.

திரையையே பார்த்துக்கொண்டிருந்த சிக்கோண்டி சட்டென்று சிரித்தார்.

“ஆறு! மழைக்கு ஆறு பெருகினால் அந்தப் பக்கத்துத் தாய்மார் மேட்டிலுள்ள நிலையத்துக்குத்தான் போவார்கள். நானே என் மகளைத் தூக்கிக்கொண்டு அப்படிப் போயிருக்கிறேன்.”

சிகிச்சை பெற்ற இடத்தை விட்டுவிட்டு, குழந்தையின் கிராமத்தை வைத்து மறுபடி கணக்கிட்டார். ஆற்றோரக் கிராமங்களில்தான் காய்ச்சல் எல்லாவற்றையும்விட அதிகம். ரஞ்சன் சொன்னபடி வெட்டியிருந்தால், இந்தக் கணக்கைப் பார்த்து அனுப்பும் கொசுவலைகள் மேட்டுக்குப் போயிருக்கும்.

“நானெண்டா வெட்டித்தான் இருப்பன்” என்றார் ரஞ்சன், எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்திலும் ஒருமுறை. கணக்கு மலாவிக்குப் போவது அந்த அறையிலேயே முடிவானது. ரஞ்சன் முகத்தில் இருந்த சந்தோஷம், பரீட்சையில் தேறியது அவர்தான் என்பதுபோல இருந்தது.

அன்று மாலை ஜெனியின் அடுப்பில் சிக்கோண்டி சோளமாக் களி கிண்டினார். மாவு பக்கத்து இந்தியக் கடையில் கிடைத்தது. ரஞ்சன் கரண்டியை நோக்கி நகர்ந்ததும், திரும்பாமலே சிக்கோண்டி சொன்னார்: “கீபோர்டு, பேராசிரியரே.” ஜெனி சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது.

தொலைவிலிருந்து உதவப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அவசரம்தான் எதிரி என்று நினைக்கிறேன். ஆக்லாந்து போகிறவர்களுக்கு என் யோசனை: எந்த மாதமானாலும் மழை ஜாக்கெட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கை உள்ளேயே கிடக்க, அதன் பை ஆழமாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.