மாங்காய்க் கீற்றும் வெள்ளணுவும்

மைக்ராஸ்கோப்பில் வெள்ளணு எண்ணிக்கொண்டிருக்கும்போது கம்பவுண்டர் வந்து, ருக்மணி டாக்டரம்மா இறந்துபோய்விட்டார்கள் என்றார். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ரிப்போர்ட்டுக்கு ஒரு தகப்பன் காத்திருந்தார், வேறென்ன செய்ய.

ராஜபாளையத்தில் அவரிடம் பிள்ளையைக் காட்டிய உங்களுக்கெல்லாம் அந்த மாங்காய்த் தட்டு தெரியும். அப்போது ஸ்கேனுக்கு மதுரைக்குத்தான் ஓட வேண்டும். வயிற்றுவலி என்று வரும் பிள்ளையை அமுக்கிப் பார்ப்பார், குடல்வால் வீங்கினால் வெள்ளணு கூடும் என்று, ரத்தம் எடுக்க லேபில் இருந்த என்னிடம் அனுப்புவார். பிறகு மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய்க் கீற்றைக் காட்டுவார். கொடுக்கமாட்டார். குடல்வால் வீங்கிய பிள்ளைக்குப் பெரும்பாலும் பசி செத்துப்போகும். எச்சில் ஊறித் தொண்டை அசைகிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

"இதெல்லாம் ஒரு டெஸ்டா மேடம்?" என்று நேராகவே கேட்டேன்.

"இல்லதான். உன் வெள்ளணு கவுண்ட்டும் தனியா ஒரு டெஸ்ட் இல்ல தம்பி."

பரீட்சைக்குப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஆலங்குளத்துப் பையன் கீற்றைக் கண்டதும் எச்சிலை மடக்கென்று விழுங்கினான். "ஏலே, நடிக்கிறவன் எச்சிலையும் சேர்த்துல்லா அடக்கணும்" என்றார். அவன் அம்மாவே சிரித்துவிட்டார். அப்படியும் ரத்தம் பார்க்காமல் அவனை அனுப்பவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண்பிள்ளை காலையில் வலியில் சுருண்டு வந்தாள். கவுண்ட் கொஞ்சம்தான் கூடியிருந்தது. மத்தியானம் வலி சட்டென்று நின்றது. அவள் அப்பா பையைத் தூக்கிவிட்டார். "ஆண்டாள் கண் தொறந்துட்டா. பஸ்ஸுக்குப் போறோம்மா."

டாக்டரம்மா கீற்றைக் காட்டினார். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"செத்த நேரம் இருங்க."

"அதான் வலி விட்டுருச்சே."

"வீக்கம் வத்தினாலும் விடும், வெடிச்சாலும் விடும். ரத்தத்தைக் கேட்டுட்டுப் போங்க."

"காலையிலதான எடுத்தீக. எம்புட்டு ரத்தந்தான் எடுப்பீக?"

எடுத்தேன். வெள்ளணு எகிறியிருந்தது. சர்ஜன் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் உடைந்திருந்தது. பஸ் ஏறியிருந்தால் பிள்ளை இல்லை.

பிள்ளை பிழைத்த பிறகு அப்பா டாக்டரம்மா காலில் விழுந்தார். "எந்திரிங்க. பிள்ளைக்குப் பசிக்குதான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பேச்சுதான். வயிற்றுவலிப் பிள்ளையின் ரிப்போர்ட் நார்மலாக இருந்தால், கையில் கொடுக்கும்போதே சொல்கிறேன்: "இது இப்ப எடுத்த ரத்தம். வலி நின்னாலும் டாக்டர்கிட்டக் காட்டாமப் போகாதீங்க." பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.